தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கணிதத்தில் பிஎச்.டி.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள், முடிக்கப்போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என இந்த இரண்டு மாவட்டங்களிலும் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் என்று நான் சொல்வது பெரும்பாலும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைகளை. அதன்மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சொந்தமாகச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

கணக்கில்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்களே, இன்னும் ஆராய என்ன இருக்கிறது?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரு காகிதத்தை எடுங்கள். நான்கு புள்ளிகளை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளை இணையுங்கள். மூன்று கோடுகள் வரும். இப்போது புள்ளிகளுக்கு 0, 1, 2, 3 என்ற எண்களைக் கொடுக்க வேண்டும். ஓர் எண்ணை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் இரு முனைகளில் உள்ள எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள். அந்த வித்தியாசங்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 0, 1, 2, 3 என்று நேராகப் போட்டால் எல்லா வித்தியாசமும் 1 ஆகிவிடும், ஆகாது. 0, 3, 1, 2 என்று போட்டுப் பாருங்கள். 3, 2, 1 என்று வந்துவிடுகிறது.

வரிசைக்குப் பதிலாகக் கிளை பிரிந்து போகிற வடிவம் என்றால்? வட்டமாகத் திரும்பி வராமல், துண்டாகாமல் இருக்கிற எந்த வடிவத்துக்கும் (புள்ளிகளையும் கோடுகளையும் ஆராயும் கிராஃப் தியரியில் இதை 'ட்ரீ' என்பார்கள்) இப்படி எண் கொடுக்க முடியுமா? 1967இல் அலெக்சாண்டர் ரோசா எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கேள்வி இது. முடியும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. முடியாத ஒரு ட்ரீயையும் யாரும் காட்டவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கேள்வி ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் திறந்தே கிடக்கிறது.

பிஎச்.டி. மாணவர் இந்த முழுக் கேள்வியையும் தீர்த்தாக வேண்டும் என்பதில்லை. குறிப்பிட்ட ஒரு வகை ட்ரீக்கு இதுவரை இல்லாத நிரூபணத்தைத் தந்தாலே அது ஆராய்ச்சி. ஆனால் ஒன்று: இப்படி எண் கொடுக்கும் 'கிராஃப் லேபிளிங்' பிரிவில் தமிழ்நாட்டில் தீசிஸ்கள் (ஆய்வேடுகள்) நிறைய. அவற்றில் ஒரு பகுதி, வடிவத்தின் பெயரை மட்டும் மாற்றி 'இதற்கும் பொருந்துகிறது' என்று அடுக்கிக்கொண்டே போகும். டோபாலஜியில் 1970இல் நார்மன் லெவின் அறிமுகப்படுத்திய ஜெனரலைஸ்டு க்ளோஸ்டு செட் பக்கமும் இதே கதை. மூலக் கருத்தின் முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துப் புதிய வரையறை, அதற்கு நான்கு தேற்றம், ஒரு பேப்பர். பட்டம் வரும், மறுக்கவில்லை. உள்ளே போன பிறகு உங்களுக்கே சலித்துவிடும் என்பதுதான் என் கவலை.

சேர என்ன தகுதி வேண்டும்?

முதுகலையில் 55 விழுக்காடு. எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு. நான்கு ஆண்டு இளங்கலை படித்து 75 விழுக்காடு வாங்கியவர்களும் விண்ணப்பிக்கலாம்.

எம்.ஃபில். முடித்துவிட்டுப் போகட்டுமா?

பிஎச்.டி.க்கு முந்தைய ஆராய்ச்சிப் பட்டமான எம்.ஃபில். 2022 விதிகளோடு முடிந்துபோன கதை. இப்போது எங்காவது 'எம்.ஃபில். சேர்க்கை' என்று யாராவது பணம் கேட்டால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். முன்பே முடித்தவர்களின் பட்டம் செல்லும்.

நெட் தேர்வு எழுதியே ஆக வேண்டுமா? கணிதத்துக்கு எந்த நெட்?

கணிதம் யுஜிசி நெட்டில் (தேசியத் தகுதித் தேர்வில்) கிடையாது. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட்டில் 'மேத்தமெட்டிக்கல் சயின்சஸ்' என்ற தாளில் வருகிறது. இது தெரியாமல் தவறான விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 'பாடப் பட்டியலில் மேத்ஸே இல்லையே சார்' என்று போன் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு.

2024 ஜூன் தேர்விலிருந்து முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். ஜேஆர்எஃப் வாங்கியவர் நேர்காணல் வழியாகச் சேரலாம். மற்ற இரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டு செல்லும். தனியாக நுழைவுத் தேர்வு நடத்தவும் பல்கலைக்கழகங்களுக்கு விதியில் இடம் இருக்கிறது. ஆகவே நெட் இல்லாவிட்டால் எல்லாக் கதவும் மூடிவிடாது. ஆனால் ஜேஆர்எஃப் கையில் இருந்தால் நீங்கள் கைடை (ஆய்வு வழிகாட்டியை) தேடிப் போகும் நிலைமை மாறி, கைடு உங்களை விசாரிக்கும் நிலைமை வரும்.

தேர்வு மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். ஏ பகுதி பொதுத் திறன், அதில் 30. பி பகுதியில் 40 கேள்விகளில் 25ஐ எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 3 மதிப்பெண். சி பகுதியில் 60இல் 20, ஒவ்வொன்றும் 4.75. இந்த சி பகுதிதான் ஆளைப் பிரித்துக் காட்டும். ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண். ஒரே ஆறுதல், தப்புக்கு அங்கே மைனஸ் இல்லை. ஏ, பி பகுதிகளில் உண்டு.

நம் ஊர்க் கல்லூரித் தேர்வுகளுக்குப் படிக்கிற மாதிரி இதற்குப் படித்தால் வராது. உதாரணத்துக்கு: மூன்றுக்கு மூன்று ரியல் மேட்ரிக்ஸ் ஒன்று, அதை அதனோடேயே பெருக்கினால் மைனஸ் ஐடென்டிட்டி வர முடியுமா? தேற்றங்களை வரிசையாக மனப்பாடம் செய்தவர் எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருப்பார். டிட்டர்மினன்ட்டை மட்டும் பாருங்கள். இடப்பக்கம் ஒரு ரியல் எண்ணின் வர்க்கம், வலப்பக்கம் மைனஸ் ஒன்றின் மும்மடி, அதாவது மைனஸ் 1. வர்க்கம் எப்படி மைனஸ் ஆகும்? முடியாது, முடிந்தது கணக்கு. சரி, இரண்டுக்கு இரண்டு என்றால்? முடியும், தொண்ணூறு டிகிரி சுழற்றுகிற மேட்ரிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏன் மூன்றில் முடியவில்லை, இரண்டில் முடிகிறது' என்று இப்படிக் குடையும் பழக்கம்தான் இந்தத் தேர்வுக்கான தயாரிப்பு. ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டையும் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிறகு அல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் என்று போங்கள். எல்லா யூனிட்டையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போவது இங்கே வேலைக்கு ஆகாது.

எங்கே சேரலாம்? ஊரை விட்டுப் போக வேண்டுமா?

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களுக்கும் பெரியார் பல்கலைக்கழகம்தான், 1997இல் தொடங்கியது. தருமபுரியிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதி: சேலம் புது பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்ப வேண்டாம், தொப்பூர், ஓமலூர் தாண்டி நெடுஞ்சாலையிலேயே கருப்பூர் பக்கம் பல்கலைக்கழகம் வந்துவிடும். தருமபுரிக்கு அருகே பைசுஅள்ளியில் அதன் முதுநிலை மையமும் இருக்கிறது. இவை தவிர, இணைவுபெற்ற கல்லூரிகளில் சில துறைகளுக்குப் பல்கலைக்கழகம் ஆய்வு மைய அங்கீகாரம் கொடுத்திருக்கும். அங்கீகரிக்கப்பட்ட கைடுகளின் பட்டியலை வைத்து உங்கள் ஊருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். பொறியியல் கல்லூரிகளில் கணிதம் நடத்துகிறவர்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கைடு அங்கீகாரம் பெற்றவர்களும் உண்டு. அந்தப் பக்கம் தேட நம் மாணவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஓசூர், சூளகிரிக்காரர்களுக்குச் சேலத்தை விடப் பெங்களூரு பக்கம். அங்கே இந்திய அறிவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் (ஐஎஸ்ஐ) மையம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) பயன்பாட்டுக் கணித மையம் என நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் கணித நிறுவனங்கள் இருக்கின்றன. வேலைக்கு என்றால் தயங்காமல் தினமும் எல்லை தாண்டுகிறோம். படிப்புக்கு என்றதும் 'அதெல்லாம் நமக்கு இல்லை' என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். சென்னையில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் (மேட்சயின்ஸ் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்), சென்னை கணிதக் கழகம், ஐஐடி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்கணித நிறுவனம். இவற்றுக்கு சிஎஸ்ஐஆர் நெட், கேட் (GATE), என்பிஎச்எம் தேர்வு என்று வெவ்வேறு வழிகள் உண்டு. அணுசக்தித் துறையின் கீழ் வரும் தேசிய உயர்கணித வாரியம்தான் என்பிஎச்எம். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயரே தெரிவதில்லை. நெட்டுக்குப் படிப்பவர் இதையும் சேர்த்து எழுதலாம்.

இப்போது பி.எஸ்சி. படிப்பவராக இருந்தால், ஜாம் (JAM) என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதி இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு முயலுங்கள். 1993 முதல் நடந்துவரும் எம்டிடிஎஸ் என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கும் விண்ணப்பியுங்கள். வகுப்பில் உட்கார்ந்து எழுதி எடுக்கிற கணிதமும், நாமே யோசித்துச் சண்டை போட்டுக் கற்கும் கணிதமும் எவ்வளவு வேறு என்பது அங்கே போனால் தெரியும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

'சார் நல்லவர், தொந்தரவு பண்ண மாட்டார்' என்பது ஒரு தகுதியே அல்ல. தொந்தரவு பண்ணாத கைடிடம் சேர்ந்து ஐந்தாம் ஆண்டிலும் தலைப்பு முடிவாகாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அவருடைய கடைசி இரண்டு மூன்று பேப்பர்களை எடுத்து முன்னுரையையாவது படியுங்கள். முழுக்கப் புரிய வேண்டும் என்பதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார், அந்தக் கேள்வி உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்குமா என்று பாருங்கள். அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ்கள், ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு தீசிஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மாணவர்கள் தனித்தனியே ஏதாவது செய்திருக்கிறார்களா, ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்களா என்று பத்து நிமிடத்தில் பிடிபடும். பிறகு அவரிடம் இப்போது இருக்கும் ஸ்காலரிடம் பேசுங்கள். வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து கணக்கு பேசுகிறாரா? பேப்பரில் யார் பெயர் முதலில் வருகிறது? வீட்டு வேலை, பேங்க் வேலை எல்லாம் சொல்கிறாரா? இதையெல்லாம் ஸ்காலர் டீக்கடையில்தான் சொல்வார், துறை வராந்தாவில் சொல்ல மாட்டார்.

விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. காலியிடம் இருக்கிறதா, எப்போது ஓய்வு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இளம் உதவிப் பேராசிரியர் என்றால் தயங்காதீர்கள். ஆராய்ச்சிச் சூடு ஆறாமல் இருப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பகுதி நேரத்தில் செய்ய முடியுமா?

முடியும். வேலை செய்யும் இடத்திலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும். படிக்க நேரம் தருவோம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்று அதில் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் அந்தக் கோப்பு நகரும் வேகம் உங்களுக்கே தெரியும், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தொலைதூரக் கல்வியில் பிஎச்.டி. கிடையாது. 'வரவே வேண்டாம், நாங்கள் முடித்துத் தருகிறோம்' என்பவர் விற்பது பிஎச்.டி. அல்ல.

கணிதத்துக்கு ஆய்வகம் தேவையில்லை என்பது பகுதி நேரக்காரர்களுக்குப் பெரிய சாதகம். பாலக்கோட்டிலிருந்து பென்னாகரத்துக்குப் பஸ்ஸில் போகும்போதும் ஒரு லெம்மாவை (துணைத் தேற்றத்தை) பற்றி யோசிக்கலாம். ஆனால் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் குறுக்கீடு இல்லாத நேரம் வாரத்தில் சில நாளாவது வேண்டும். தேர்வுத்தாள் திருத்தம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு என்று இழுபடும் ஆசிரியருக்கு அது எளிதல்ல. விடியற்காலையை ஒதுக்கிவைத்தவர்கள்தான் முடித்திருக்கிறார்கள்.

உதவித்தொகை எவ்வளவு?

ஜேஆர்எஃப் என்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (மூத்த ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். வீட்டு வாடகைப்படி தனி. எஸ்.சி., ஓபிசி மாணவர்களுக்குத் தனி தேசிய உதவித்தொகைகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரே பெண்பிள்ளை என்றால் யுஜிசியின் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் உண்டு. அரூர், சித்தேரிப் பக்கத்து மாணவர்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

பணம் தாமதமாக வரும். சில சமயம் மூன்று நான்கு மாதத் தொகை சேர்ந்து வரும். கடன் வாங்காமல் சமாளிக்கச் சிறிது கையிருப்போடு சேருங்கள். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு அது கௌரவமான தொகை. அப்போது அவரிடம் எம்.ஏ.வும் கிடையாது, பி.ஏ.வும் கிடையாது என்பது வேறு விஷயம்.

கோர்ஸ் ஒர்க் என்றால் என்ன?

பிஎச்.டி.யில் சேர்ந்ததும் படிக்க வேண்டிய பாடங்கள், குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி முறையியல், ஆய்வு நெறிமுறை, உங்கள் பிரிவுக்கான பாடங்கள். 55 விழுக்காடு எடுக்க வேண்டும். இதைச் சடங்காக நினைக்காமல் இந்த ஆண்டிலேயே கணிதத் தட்டச்சு மென்பொருளான லேட்டெக்ஸில் தட்டச்சு செய்யப் பழகிவிடுங்கள். கடைசி நேரத்தில் டிடிபி சென்டரில் கொடுத்து, சம்மேஷன் குறி இடம் மாறி வந்த தீசிஸைத் திருத்திக்கொண்டிருப்பது கொடுமை.

நான் தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் தடையாக இருக்குமா?

பேப்பரும் தீசிஸும் ஆங்கிலத்தில்தான். ஆனால் கணித ஆங்கிலம் சிறியது. 'இப்படி இருக்கட்டும்', 'ஆகவே', 'இதற்கு மாறாகக் கொள்வோம்' என்ற சில நூறு தொடர்களுக்குள் அடங்கிவிடும். நன்றாக எழுதப்பட்ட ஒரு பாடநூலின் நிரூபணங்களைக் கையால் எழுதிப் பழகினால் ஓராண்டில் வந்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு, கன்னடம், பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று வந்த பிள்ளைகள் இதற்கு அஞ்சுவதே இல்லை. உண்மையான தடை, கருத்தரங்கில் எழுந்து கேள்வி கேட்கக் கூச்சப்படுவது. தமிழில் கேளுங்கள், தவறே இல்லை.

எத்தனை பேப்பர் போட வேண்டும்? பணம் கேட்கிறார்களே?

தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனையை 2022 யுஜிசி விதி எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன; உங்களுடையதைப் பாருங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள், வெளியாள் ஒருவர் படித்துக் குறை சொல்வது நல்லது.

'பத்து நாளில் வெளியீடு, ஸ்கோபஸ் உறுதி' என்று (ஸ்கோபஸ் ஓர் ஆய்விதழ்த் தரவுத்தளம்) வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு எதையும் தொடாதீர்கள். கணிதத்தில் ஒரு நல்ல இதழ் பதில் சொல்லவே ஆறு மாதம், ஓராண்டு ஆகும். நிரூபணத்தை வரி வரியாகப் படிக்க ஒரு மனிதர் உட்கார வேண்டுமல்லவா? ஏற்கத்தக்க இதழ்களின் 'கேர்' பட்டியலையும் யுஜிசி 2025இல் கைவிட்டுவிட்டது, ஆக இதழின் தரத்தை நீங்களே பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சொல்லும் வழி: கணிதக் கட்டுரைகளைத் தொகுக்கும் மேத்சைநெட், இசட்பிமேத் தளங்கள் இரண்டிலும் அந்த இதழ் வருகிறதா, அதன் ஆசிரியர் குழுவில் உங்கள் பிரிவில் நீங்கள் படித்த பெயர் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நல்ல கணித இதழ்கள் எழுதியவரிடம் காசு வாங்காமலே வெளியிடுகின்றன.

ஒரு வருடமாக ஒரே கணக்கில் நிற்கிறேன். நகரவே இல்லை. விட்டுவிடலாமா?

இது எல்லோருக்கும் வரும். கேள்வியைச் சுருக்குங்கள். எல்லா எண்ணுக்கும் நிரூபிக்க முடியவில்லையா, பகா எண்ணுக்கு மட்டும் பாருங்கள். அதுவும் ஆகவில்லையா, சிறிய எண்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓட்டி எதிர் உதாரணம் இருக்கிறதா என்று தேடுங்கள். நிரூபிக்க நினைத்ததே பொய்யாக இருக்கலாம். எங்கே அறுந்தது என்பதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கைடுக்குத் தெரியாமல் மூன்று மாதம் ஒளிந்து திரிவதுதான் மோசம். ஆலோசனைக் குழு முன்பு ஒவ்வொரு செமஸ்டரும் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். 'இந்த வழி ஏன் அடைபட்டது' என்று தெளிவாகச் சொன்னால் அதுவும் முன்னேற்றம்தான்.

எவ்வளவு காலம் ஆகும்? கல்யாணம், குழந்தை என்று வந்தால்?

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, தேவைப்பட்டால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு, மொத்தம் பத்து ஆண்டு வரை. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு. கல்யாணமாகிக் கணவர் ஊருக்குப் போனாலும், நிபந்தனைகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வை மாற்றிக்கொள்ள இடமுண்டு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் முன்பே பேசிவிடச் சொல்லுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிய வீடுகளில் அந்த அப்புறம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசிக் கட்டத்தில் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை, இரண்டு வெளித் தேர்வாளர்களின் அறிக்கை, வைவா (வாய்மொழித் தேர்வு). ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் சிக்கல் தொடங்கும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அறிக்கைகள் வந்துசேரவே மாதக்கணக்கில் ஆகும்.

முடித்தால் வேலை? சம்பளம்?

உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலை முதல் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் அல்லது ஸ்லெட் தான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை. ஆனாலும் போட்டியில் பிஎச்.டி. இருப்பவருக்குக் கை ஓங்கும். அரசுக் கல்லூரிக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழி. அறிவிப்பு எப்போது வரும் என்று ஜோசியர்கூடச் சொல்ல மாட்டார். யுஜிசி விகிதத்தில் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரியில் அதில் பாதிகூட வராத இடங்கள் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே சேருங்கள்.

பள்ளி முதுகலை ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால் பிஎச்.டி. தேவையே இல்லை. பி.எட். முடித்து பிஜி டிஆர்பிக்குப் படியுங்கள். புள்ளியியல், ஆப்டிமைசேஷன், கிரிப்டோகிராஃபி பக்கம் ஆய்வு செய்து, நிரல் எழுதவும் தெரிந்தவர்களுக்குப் பெங்களூரு நிறுவனங்களில் வாய்ப்பு இருக்கிறது. அதற்காக மட்டும் ஐந்தாண்டு பிஎச்.டி. செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம்; எம்.எஸ்சி.க்குப் பிறகு நேராகவே போகலாம்.